டி. பூன் யார்? சனிக்கிழமை வகுப்பில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கிற்றார் பழக்குகிறேன். வகுப்பு முடிந்ததும் அரை மணித்தியாலம் எல்லோருமாக இருந்து பாட்டுக் கேட்போம். போன மாதம் முழுக்க டி. பூன் என்ற அமெரிக்கக் கிற்றார்காரரைத்தான் கேட்டோம். பிள்ளைகள் கேட்ட கேள்விகளும், கூட்டிப்போக வந்து கேற்றடியில் நின்ற தாய்தகப்பன்மார் கேட்ட கேள்விகளும் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொருவருக்கும் அரையும் குறையுமாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

அக்கா, முதலில் ஆர் இவர்?

டென்னிஸ் டேல் பூன். 1958 ஏப்ரல் 1 இல் பிறந்தவர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் துறைமுகப் பகுதியான சான் பெட்ரோவில் வளர்ந்தார். கப்பலில் சாமான் ஏற்றி இறக்குகிறவர்களும் மீன்பிடிகாரரும் கடற்படைக் குடும்பங்களும் வாழ்ந்த உழைப்பாளிகளின் ஊர் அது. 1980 இல் தன் பால்ய சிநேகிதன் மைக் வாட்டோடு சேர்ந்து ‘மினிற்மென்’ என்ற மூன்றுபேர் குழுவைத் தொடங்கினார். வாட் பேஸ் கிற்றார் (கீழ்ச்சுரம் வாசிக்கிற கிற்றார்), சில மாதங்களில் வந்து சேர்ந்த ஜோர்ஜ் ஹேர்லி ட்ரம்ஸ், பூன் கிற்றாரும் பாட்டும். 1985 டிசெம்பரில் பூன் இறந்தார். வயது 27. இடைப்பட்ட ஆறு வருஷத்துக்குள் நான்கு அல்பங்கள், அரை டசின் சிறு இசைத்தட்டுகள், கணக்கில்லாத இரவுக் கச்சேரிகள்.

ஆள் நல்ல பருமன். அந்த உடம்போடு மேடையில் துள்ளித் துள்ளித்தான் வாசிப்பார். காணொளியைப் பார்த்த எங்கள் சின்னவன் ஒருவன், “இவர் பாட வந்தவரா, கிளித்தட்டு விளையாட வந்தவரா?” என்று கேட்டான். இரண்டுக்கும்தான் என்று சொன்னேன். மேடையில் நிற்பதே ஒரு சந்தோஷம் என்பதை அவர் உடம்பு மறைக்கவே இல்லை.

பங்க் என்றால் பங்கரா? ‘அண்டர்கிரவுண்ட்’ என்றும் சொல்கிறீர்கள்.

இதைக் கேட்டவளுக்குப் பத்து வயது. அவள் பங்கரைப் பார்த்ததில்லை, அம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். நிலத்துக்குக் கீழே என்றால் இந்த ஊரில் வேறு என்ன ஞாபகம் வரும்? இல்லை கண்ணா, இரண்டும் வேறு சொல். பங்க் என்பது 1970களின் நடுவில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் வளர்ந்த ஒரு ரொக் இசை. பெரிய மேடையும் நீண்ட கிற்றார் வித்தையும் தெரிந்தவர்களுக்குத்தான் இசை என்றிருந்த நேரத்தில், மூன்று கோர்ட் (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) தெரிந்தால் போதும், வா, பாடு என்றது. ரமோன்ஸ் குழுவின் 1976 முதல் அல்பத்தில் 14 பாட்டுகள். முழுதும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

அண்டர்கிரவுண்ட் என்றால் பெரிய கொம்பனியும் வானொலியும் கண்டுகொள்ளாத இடத்தில், கையிலிருந்து கைக்குப் போகும் இசை. பூனின் தட்டுகளை வெளியிட்ட எஸ்.எஸ்.ரி. அப்படி ஒரு சின்ன நிறுவனம். கிரெக் ஜின் என்பவர் பன்னிரண்டு வயதுப் பொடியனாக இருந்தபோது வானொலிச் சாமான்களைத் தபாலில் விற்கத் தொடங்கிய சிறு வியாபாரம் அது. பிறகு தன் ‘பிளாக் ஃபிளாக்’ குழுவின் பாட்டை வெளியிட அதையே இசைத்தட்டு நிறுவனம் ஆக்கிக்கொண்டார். அவர்களுடைய இரண்டாவது வெளியீடு மினிற்மென்னின் முதல் தட்டு.

முறையாகச் சங்கீதம் படித்தவரா?

இல்லை. பூனும் வாட்டும் பதின்மூன்று வயதளவில் ஒரு பூங்காவில் சந்தித்தார்கள். மரத்தில் இருந்த பூன், கீழே போனவனைத் தன் கூட்டாளி என்று நினைத்து அவன் முன்னே குதித்தார். வந்தது வாட். அப்படித்தான் சிநேகிதம்.

கிற்றார் எடுத்த புதிதில் பேஸ் கிற்றாருக்குத் தடித்த கம்பி வேண்டும் என்பதே இவர்களுக்குத் தெரியாது. சாதாரணக் கிற்றாரில் நான்கு கம்பியை மட்டும் வைத்து வாட் ‘பேஸ்’ வாசித்தார். கம்பியை எவ்வளவு இறுக்குவது என்பது அவரவர் விருப்பம் என்றும் கொஞ்சக்காலம் நினைத்திருந்தார்கள். சுருதி என்று ஒன்று இருப்பது பிறகுதான் பிடிபட்டது. பெரும்பாலும் பிடித்த குழுக்களின் இசைத்தட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டே பழகினார்கள்.

ஆனால் இதைச் சாட்டாக வைத்து ரியூன் பண்ணாமல் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அவர்கள் பழகாமல் இருக்கவில்லை. பழக்குவதற்கு ஆள் வரும்வரை காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். பூனின் பிற்காலத்துக் கிற்றாரைக் கேட்டுப் பாருங்கள். ஃபங்க் (பங்க் இல்லை, கறுப்பின அமெரிக்கரின் ஆட்ட இசை), ஜாஸ், நாட்டுப்புற இசை எல்லாம் அதற்குள் ஓடுகிறது. விரல் அவ்வளவு துல்லியம்.

பாட்டு ஏன் இவ்வளவு கட்டை? தொடங்கமுதல் முடிகிறதே!

முதல் தட்டில் ஏழு பாட்டு, ஏழு நிமிஷத்துக்குள். 1981 இல் வந்த ‘த பஞ்ச் லைன்’ அல்பத்தில் 18 பாட்டு, மொத்தம் 15 நிமிஷம். சொல்லவந்ததைச் சொன்ன பிறகு ஏன் இன்னும் இழுக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பல்லவியைத் திரும்பப் பாடுவது, நடுவில் கிற்றார் தனியாவர்த்தனம் வைப்பது, எல்லாவற்றையும் வெட்டினார்கள்.

காத்தவராயன் கூத்தை விடியவிடிய இருந்து பார்த்த ஊர்க்காரருக்கு இது அதிசயமாகத்தான் இருக்கும். நானும் அந்தக் கூத்தின் பிள்ளை. ஆனால் எங்களிடமும் கட்டையானவை இருக்கின்றன. ஒரு விடுகதை எவ்வளவு நேரம்? ஒரு தாலாட்டு அடி? ஒப்பாரியில் ஒரு வரி விழுந்தவுடன் வீடே உடைந்துபோவதைக் கண்டிருக்கிறேன். அந்த ஒரு வரிக்கு ஐந்து செக்கன்கூட ஆவதில்லை.

ஒரு நிமிஷப் பாட்டு என்பதால்தான் மினிற்மென் என்று பேரா?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் அது இல்லை. அமெரிக்கச் சுதந்திரப் போர்க்காலத்து ஊர்ப் படையினருக்கு அந்தப் பேர் இருந்தது. 1960களில் அதே பேரை வைத்துக்கொண்ட ஒரு வலதுசாரிக் கூட்டத்தைக் கிண்டல் செய்யவும்தான் இவர்கள் அதை எடுத்தார்கள்.

இவ்வளவு குறைந்த காலத்தில் இவ்வளவு செய்யக் காசு எங்கிருந்து வந்தது?

காசு வரவில்லை. அதுதான் எனக்கு இந்த மனிதரில் பிடித்த விசயம், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அவர்களிடம் ஒரு சொல் இருந்தது: ‘ஈகோனோ’. சிக்கனம் என்பதன் செல்லச் சுருக்கம். ஒலிப்பதிவுக் கூடத்தில் நள்ளிரவுக்குப் பிறகு வாடகை குறைவு என்றால் அந்த நேரத்துக்குப் போவார்கள். புது ரேப் வாங்காமல் யாரோ பாவித்த ரேப்பின் மேல் பதிவார்கள். பிறகு வெட்டி ஒட்டும் செலவு வராமல், தட்டில் எந்த ஒழுங்கில் வரவேண்டுமோ அதே ஒழுங்கில் பாட்டுகளை வாசித்துவிடுவார்கள். கச்சேரிக்குத் தாங்களே வான் ஓட்டி, தாங்களே சாமான் தூக்குவார்கள்.

1984 இல் வந்த ‘டபிள் நிக்கல்ஸ் ஒன் த டைம்’ அவர்களுடைய மிகப் பெரிய வேலை. ஒரு அல்பத்துக்கான பாட்டுகளை ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தார்கள். அதே நிறுவனத்தின் இன்னொரு குழுவான ‘ஹஸ்கர் டூ’ இரட்டைத் தட்டுப் போடுகிறது என்று கேள்விப்பட்டதும், அப்ப நாங்களும் போடுவோம் என்று திரும்பப் போய் இருந்து எழுதினார்கள். நான்கு பக்கங்களில் 45 பாட்டுகள். செலவு சுமார் 1,100 டொலர். பதிந்த சத்தங்களை ஒன்றாகச் சேர்க்கிற கலவை வேலை ஒரே இரவில் முடிந்தது.

இதை முதல்முறை அறிந்தபோது எனக்கு எங்கள் வீட்டு முற்றம்தான் கண்ணுக்குள் வந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. வன்னிக்குள் பற்றறி வராது. பாட்டுக் கேட்க ஆசை என்றால் அண்ணா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் றெக்கோர்டரில் கொழுவி, பெடலைக் கையால் சுற்றுவான். நான் பக்கத்தில் குந்தியிருப்பேன். அவன் கை சளைத்தால் பாடகரின் குரலும் சளைத்து இழுபடும். “அண்ணா, கெதியாச் சுத்து!” என்று கத்துவேன். ஒரு பாட்டு முழுதாகக் கேட்டு முடிப்பது என்றால் ஒருவர் வியர்வை சிந்தவேண்டும். அந்தக் காலத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை, ஒவ்வொரு வீட்டிலும் நடந்தது. பூனின் ‘ஈகோனோ’வை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது: அவர்கள் சிக்கனத்தைத் தெரிந்து எடுத்தார்கள். எங்கள்மேல் அது திணிக்கப்பட்டது.

கிற்றார் ஏன் இப்படித் தகரம் மாதிரிச் சத்தம் போடுகிறது? ஸ்பீக்கர் பழுதா?

ஸ்பீக்கர் நல்லாகத்தான் இருக்கிறது. அது பூன் வேண்டுமென்று செய்தது.

கோயில் திருவிழாவில் சவுண்ட் செற்காரரின் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ட்ரெபிள், பேஸ் என்று திருகுகிற குமிழ்கள் இருக்கும். ரொக் குழுக்களில் வழக்கமாகக் கிற்றார்காரர் எல்லாக் குமிழையும் ஏற்றிவைத்து முழு இடத்தையும் பிடித்துக்கொள்வார். பேஸ்காரர் பின்னால் மங்கலாக முனகிக்கொண்டிருப்பார். பூன் தன் கிற்றாரில் அடிக்கனத்தை எல்லாம் இறக்கி, மேல் ட்ரெபிளை மட்டும் விட்டார். கீழ்ப்பகுதி முழுதையும் வாட்டின் பேஸுக்குக் கொடுத்தார். மூன்று பேரும் சமம் என்றால் அது வாயால் சொல்லி வராது, சத்தத்திலேயே ஆளுக்கொரு இடம் இருக்கவேண்டும் என்பது அவர்கள் அரசியல். ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள், அடுத்தமுறை ட்ரம்ஸை மட்டும். ஒவ்வொன்றும் தனியாகத் தெளிவாகக் கேட்கும்.

எங்கள் வகுப்பில் மூன்றுபேர் சேர்ந்து வாசிக்கும்போது சண்டை வருவது பாட்டால் இல்லை, சத்தத்தால்தான். எல்லோருக்கும் தன் குமிழை ஏற்றத்தான் கை போகிறது. அதனால்தான் பூனின் பாட்டுகளை ஒரு மாதம் முழுக்கக் கேட்கவைத்தேன்.

அரசியல் பாடினாரா?

பாடினார், பயப்படாமல். எண்பதுகளில் அமெரிக்க அரசு எல் சல்வடோர், நிக்கரகுவா போன்ற நாடுகளில் தலையிட்டதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கிறவர்களின் கூலி, பயம், தொலைக்காட்சி விளம்பரம், எல்லாம் பாட்டில் வரும். ஆனால் கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை. தன் ஊரில் கச்சேரி வைத்தபோது நேரத்தோடு தொடங்கி நேரத்தோடு முடித்தார். விடிய எழும்பி வேலைக்குப் போகிறவர்களும் வந்து கேட்டுவிட்டுப் போய்ப் படுக்கவேண்டுமே என்று. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

‘கொரோனா’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. நோய் வருவதற்கு நெடுங்காலம் முந்தியது, அது ஒரு பியரின் பேர். மெக்சிக்கோக் கடற்கரையில் குடித்துக் களித்திருந்தவர்கள், வெறும் போத்தலைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கிற ஒரு பெண்ணைக் காண்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு. பிறகு 2000 இல் வந்த ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கு அதன் கிற்றார் முகப்பிசையானது. அந்த மெட்டை உலகம் முழுக்கக் கேட்டார்கள். அதற்குள் ஒரு ஏழைப் பெண் நிற்பது பலருக்குத் தெரியாது.

இங்கிலிஷ் விளங்காவிட்டால்?

விளங்காமலே கேளுங்கள். அவர் வேகத்துக்கு அந்த நாட்டுக்காரருக்கே பாதி விளங்காது.

எப்படி இறந்தார்? போதையா?

இல்லை. பங்க் பாடகர் இளவயதில் இறந்தார் என்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஆர்.ஈ.எம். என்ற புகழ்பெற்ற குழுவுக்கு முன்னால் வாசிக்கும் சுற்றுப்பயணத்தை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். கடைசிக் கச்சேரி 1985 டிசெம்பர் 13, வட கரோலைனாவின் சார்லற் நகரில். டிசெம்பர் 22 ஆம் திகதி அரிசோனாப் பாலைவனத்தின் ஊடாக வானில் போய்க்கொண்டிருந்தார். காய்ச்சல். அதனால் பெல்ற் போடாமல் பின்பக்கத்தில் படுத்திருந்தார். வான் வீதியை விட்டு விலகியது. பின்கதவால் வெளியே எறியப்பட்டு, கழுத்து முறிந்து, அந்த இடத்திலேயே போய்விட்டார்.

ஏ9 வீதியில் இரவு வானில் கொழும்புக்குப் போய்வருகிற வீட்டார் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பின்னால் பாய் விரித்துப் படுக்கவைக்காதீர்கள். இருத்தி, பெல்ற் போட்டு, மடியில் தலையைச் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இளவயதில் செத்ததால்தானே அக்கா இவ்வளவு புகழ்?

இதைக் கேட்டவனுக்குப் பதினேழு வயது. கேட்ட விதத்தில் ஒரு ஆசையும் இருந்தது, அது எனக்குப் பயத்தைத் தந்தது.

தம்பி, இந்த மண்ணில் அப்படிக் கேட்காதே. எங்கள் வீட்டுக்குள் வந்தால் சுவரில் ஒரு படம் இருக்கிறது. சைக்கிள் பெடலைச் சுற்றிப் பாட்டுக் கேட்கவைத்த அண்ணா. அவனுக்கு 23 வயதோடு நின்றுவிட்டது. இந்த ஒழுங்கையில் படம் இல்லாத வீடு எது? இளவயதுச் சாவுதான் ஒருவரைப் பெரிய ஆளாக்கும் என்றால் வன்னி முழுக்கப் பெரிய ஆட்கள்தான். அம்மாவிடம் போய்க் கேள், அவளுக்குப் பெரிய ஆள் வேண்டுமா, பின்னேரம் தேத்தண்ணி கேட்டு வருகிற நாற்பத்தைந்து வயது மகன் வேண்டுமா என்று.

பூன் இறந்ததால் நாங்கள் பெற்றது ஒன்றுமில்லை. இழந்ததுதான். அவர் படமும் வரைவார். கடைசி வருஷத்தில் வந்த ‘புரொஜெக்ட் மேர்ஷ்’ தட்டின் மேலட்டையில் இருப்பது அவர் கைப்பட வரைந்த ஓவியம். அந்தத் தட்டில் அவர்கள் நீண்ட பாட்டுகளும் ட்ரம்பெற்றும் வைத்துப் பார்த்தார்கள். அடுத்து மூன்று தட்டுகள் கொண்ட ஒரு பெரிய வெளியீடு போட நினைத்து, எந்தப் பாட்டுகளைக் கச்சேரியில் பதிவது என்று இரசிகர்களிடமே வாக்குச்சீட்டுக் கொடுத்துக் கேட்டிருந்தார்கள். வாக்குகள் வந்துசேர்ந்தன. பாட ஆள் இல்லை. 1987 இல் பழைய பதிவுகளை வைத்து அந்த வாக்குப்படி ஒரு தொகுப்பை மற்ற இருவரும் வெளியிட்டார்கள். நாற்பது வயதில் அவர் என்ன வாசித்திருப்பார் என்று சிலவேளை இரவில் யோசிப்பேன். அந்த யோசனைக்கு முடிவே இல்லை.

மற்ற இரண்டு பேரும்?

வாட் இசையையே விட்டுவிட இருந்தார். ஒஹாயோவில் இருந்து எட் குரோபோர்ட் என்ற இரசிகர் தேடிவந்து, வாசியுங்கள் என்று விடாமல் நின்றார். 1986 இல் அவரோடு சேர்ந்து ‘ஃபயர்ஹோஸ்’ குழு தொடங்கியது, ட்ரம்ஸில் அதே ஹேர்லி. அதற்குப் பிறகு வாட் வெளியிட்ட தட்டுகளை எல்லாம் பூனுக்கே சமர்ப்பித்து வருகிறார்.

என் மகள் இதைக் கேட்டுப் படிப்பைக் கெடுத்துக்கொள்ள மாட்டாளா, ரீச்சர்?

கேற்றடியில் நின்று கேட்ட அம்மாவுக்கு: பூனிடமும் வாட்டிடமும் குழு தொடங்கச் சொன்னதே பூனின் தாய்தான். அவர்கள் இருந்த பகுதி அவ்வளவு நல்லதில்லை. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் தெருவில் நிற்காமல் வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்பதற்காக, நீ கிற்றார் வாசி, அவன் பேஸ் வாசிக்கட்டும் என்று சொல்லிவைத்தார். மகனின் முதல் தட்டைப் பார்க்க அவர் இருக்கவில்லை, 1978 இல் இறந்துவிட்டார். உங்கள் மகளும் சனிக்கிழமை என் விறாந்தையில்தான் இருக்கிறாள். கணக்குப் பாடத்தில் குறைந்தால் வந்து சொல்லுங்கள், நானும் ஏசுவேன்.

எந்தப் பாட்டில் தொடங்குவது?

‘ஹிஸ்ற்றி லெசன்’ பாட்டின் இரண்டாம் பாகம். இரட்டைத் தட்டில் இருக்கிறது. வாட் எழுதியது, பூன் பாடியது. இரண்டு சிநேகிதர்கள் எப்படி இசைக்கு வந்தார்கள் என்ற கதை, மெதுவான, சத்தமில்லாத பாட்டு. பிறகு ‘கொரோனா’. பிறகுதான் ‘த பஞ்ச் லைன்’, அதை உடைக்காமல் பதினைந்து நிமிஷமும் ஒரே இருப்பில் கேளுங்கள். 2012 இல் கனடாவிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி விட்டுப்போன பழைய ஐபொட்டில் நான் முதலில் கேட்டது அதைத்தான். ஒன்றும் விளங்காமல் மூன்றுமுறை கேட்டேன். நான்காம் முறை எழும்பி நின்று கேட்டேன்.

தமிழில் இப்படிப் பாடலாமா?

ஏன் கேட்கிறீர்கள், பாடிவிட்டீர்களே! இரணைமடு வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் வந்து சேராததை ஒருத்தி 40 செக்கனில் பாடினாள். கைகாட்டியும் நிற்பாட்டாமல் போகிற பள்ளிக்கூட நேரத்துப் பஸ்ஸைப் பற்றி இன்னொருவன். இரண்டிலும் மெட்டு அருவி வெட்டுப் பாட்டின் சாயல். அவர்களுக்கே அது தெரியாது, அப்பப்பா வயலில் பாடியதைக் கேட்ட காது அது. அமெரிக்க உச்சரிப்பைப் போட்டுப் பாடாதீர்கள். பூன் சான் பெட்ரோக்காரனாகத்தான் பாடினார். நீங்கள் பரந்தன்காரராக, மல்லாவிக்காரராகப் பாடுங்கள்.

கிற்றார் இல்லாமல் வரலாமா?

வரலாம். இங்கே மூன்று இருக்கிறது. ஒன்றில் மெல்லிய கம்பி இரண்டும் அறுந்துவிட்டன, மிச்ச நான்கை வைத்து ஒருத்தி பேஸ் பழகுகிறாள். சனிக்கிழமை நான்கு மணி. மழை என்றால் விறாந்தைக்குள் தூவானம் அடிக்கும், துவாய் ஒன்று கொண்டு வாருங்கள்.